முதலில் தண்ணீர் போகும் வழி

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், நகரமைப்பு படிக்கிற மாணவர்களுக்கும், தாம்பரத்துக்கு அப்பாலிருந்தும் மீஞ்சூர்ப் பக்கமிருந்தும் வந்திருக்கும் ஊர்க்காரர்களுக்கும் என் வணக்கம்.

சென்னையைச் சுற்றிப் புதிய நகரங்கள் வரப்போகின்றன. திருமழிசை, மீஞ்சூர், திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மாமல்லபுரம் ஆகிய இடங்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் என்று பேச்சு நடக்கிறது. 2025-26 பட்ஜெட்டில், சென்னைக்கு அருகே சுமார் 2,000 ஏக்கரில் புதிய நகரம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2022-ல், சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். 2008-ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. மூன்றாவது திட்டத்துக்கான வேலை நடக்கிறது. ஆகவே இன்னும் இருபது வருடத்துக்கு நம் பிள்ளைகள் எங்கே வசிப்பார்கள், எதில் ஏறி வேலைக்குப் போவார்கள் என்பதை முடிவுசெய்யும் காலம் இது.

இப்படிப்பட்ட திட்ட அறிக்கைகளை எடுத்துப் படித்தால் தொழிலுக்கு முன்னுரிமை, வீட்டுக்கு முன்னுரிமை, பசுமைக்கு முன்னுரிமை, சுற்றுலாவுக்கும் முன்னுரிமை என்று இருக்கும். சரி, நாளைக்கே பணம் பாதியாகக் குறைந்தால் இதில் எதை நிறுத்திவைப்பது? அந்தக் கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில், யார் குரல் ஓங்கி ஒலிக்கிறதோ அவர் கேட்டது நடந்துவிடும். அதனால் புது நகரத்தில் எது முதலில், எது அப்புறம் என்ற வரிசையைப் பற்றி மட்டும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

முதல் இடம் தண்ணீருக்கு. குடிநீரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்வது மழைத்தண்ணீர் ஓடுகிற வழியை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்றுமே ஏரிகள் நிறைந்த மாவட்டங்கள். இங்கே ஓர் ஏரி தனித்து நிற்பது அபூர்வம். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அடுத்தது. கடைசியில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு என்று ஏதாவது ஒன்றில் சேரும். தரை ஏறக்குறைய சமதளம், கிழக்கே கடலை நோக்கி மிக லேசான சரிவு. அதனால் தண்ணீர் மெதுவாக, பரந்து நகரும். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது, அதிலும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட நிலத்தில்தான் நாம் நகரம் கட்டப்போகிறோம்.

வரைபடத்தில் ஏரிக்கு நீலம் தீட்டுவது எளிது. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டிலேயே அது ஏரிப் புறம்போக்கு என்று இருக்கும். சிக்கல் ஏரிக்கு வெளியே இருக்கிறது. கால்வாயின் இரண்டு பக்கமும், கலங்கலுக்குக் கீழேயும் தாழ்ந்த வயல்கள் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும், பிறகு வடியும். நெல் விளைந்த வரைக்கும் அதை யாரும் வெள்ளம் என்று சொன்னதில்லை. அந்த வயல்கள் பட்டா நிலம். பதிவேட்டில் நீர்நிலை என்று இல்லாததால், அங்கே மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் வந்தால் மறுப்பதற்கு அதிகாரிக்கும் காரணம் கிடைக்காது. கல் நடுவார்கள், சாலை போடுவார்கள், சாலையை இரண்டடி உயர்த்துவார்கள். அந்தச் சாலையே குறுக்கே அணையாக நிற்கும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015 டிசம்பரில் தரைத்தளங்கள் மூழ்கின. அங்கே வீடு வாங்கியவர்கள் எல்லாரும் ஏரியை ஆக்கிரமித்தவர்கள் இல்லை. பத்திரம் பார்த்து, வங்கியில் கடன் வாங்கி, அனுமதி பெற்ற மனையில் கட்டியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்களிடம் போய் நீங்கள் தவறான இடத்தில் கட்டினீர்கள் என்று சொல்வது அநியாயம். திட்டம் போட்டவர்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இது நம் நகரத்துக்குப் புதிதும் அல்ல. 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு சுமார் 1,250 ஹெக்டேர். ஏரிகளைத் தூர்த்த அந்தக் காலத்தில் மக்கள்தொகை குறைவு, சுற்றிலும் திறந்த நிலம் இருந்தது, தண்ணீர் வேறு வழி தேடிக்கொண்டது. இன்று அதற்குப் போக இடமில்லை.

ஆகவே குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வண்ணம் தீட்டுவதற்கு முன்னால், தண்ணீர் வரைபடம் ஒன்று வேண்டும். செயற்கைக்கோள் படத்தை வைத்து அறைக்குள் உட்கார்ந்து செய்கிற வேலையாக மட்டும் அது இருக்கக் கூடாது. நவம்பர் மாதம், மழை நின்ற மறுநாள், ஊரில் மதகு திறந்து மூடிய நீர்க்கட்டியையும் வயதான விவசாயிகளையும் கூட்டிக்கொண்டு நடந்து, எந்தச் சர்வே எண்ணில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். அந்த நிலங்களில் கட்டடம் கூடாது. நெல், தோப்பு, விளையாட்டுத் திடல், பூங்கா எது வேண்டுமானாலும் இருக்கட்டும்.

பட்டாதாரர் என்ன பாவம் செய்தார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பக்கத்துச் சர்வே எண்காரர் மனை போட்டுக் கோடீஸ்வரர் ஆகும்போது, இவர் மட்டும் ஊருக்காக நெல் விதைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? சாலை விரிவாக்கத்துக்கு நிலம் விட்டவருக்கு வேறிடத்தில் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்து, அதை அவர் விற்கவும் இடம் தரும் ஏற்பாடு நம் விதிகளில் ஏற்கெனவே உண்டு. அதை வெள்ளநீர் தங்கும் நிலத்துக்கும் நீட்டிக்க வேண்டும். இழப்பீடு கொடுக்காமல் பச்சை வண்ணம் மட்டும் தீட்டினால், பத்து வருடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணாக நிலப்பயன்பாடு மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இனி குடிநீர். இரண்டு லட்சம் பேர் வசிக்கும் நகரத்துக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவுகோலில், தினமும் 2 கோடியே 70 லட்சம் லிட்டர் தேவை. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் 2,250 நடை, அதுவும் ஒவ்வொரு நாளும். இந்தக் கணக்கை மிகை என்று நினைப்பவர்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் கோடைகாலக் காலைப்பொழுதில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். 2000-ல் டைடல் பார்க் திறந்தது, பிறகு ஆறுவழிச் சாலை வந்தது, இருபது மாடிக் குடியிருப்புகள் வந்தன. குடிநீர்க் குழாயும் பாதாள சாக்கடையும் பல இடங்களில் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தன, போட்ட சாலையையே தோண்டிக்கொண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நமக்கு மறந்திருக்காது. அதே ஏரிகளை நம்பி இன்னொரு நகரத்தை உட்கார வைக்க முடியாது.

வீடுகளில் பயன்படுத்துகிற தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பி வருகிறது. அதைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் வேலையை நம் சென்னையே செய்துகாட்டியிருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் 2019-ல் இயங்கத் தொடங்கின. அந்த நீர் மணலிக்கும், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. புது நகரத்தில் இதற்கான இரண்டாவது குழாயைச் சாலை போடும்போதே பதித்துவிட்டால் செலவு குறைவு. பின்னால் பதிப்பதென்றால் மறுபடியும் தோண்ட வேண்டும்.

அடுத்தது ரயில். பேருந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நவி மும்பையை உருவாக்க 1970-ல் சிட்கோ என்ற மகாராஷ்டிர அரசு நிறுவனம் நிறுவப்பட்டது. மும்பையிலிருந்து மின்சார ரயில் கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு வந்தது 1992-ல். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். மனையும் வீடும் இருந்தும், ரயில் வந்த பிறகுதான் அந்த நகரம் வேகம் பிடித்தது. நம் ஊரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. அதன் எதிரே ரயில் பாதை பல தலைமுறைகளாக இருக்கிறது, ஆனால் அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. பெட்டி படுக்கையோடும் குழந்தைகளோடும் வந்து இறங்கியவர்கள் பட்ட பாடு இங்கே பலருக்குத் தெரியும். 2007-ல் வேளச்சேரிக்கு வந்த பறக்கும் ரயில் பரங்கிமலையைத் தொட வேண்டிய சுமார் ஐந்து கிலோமீட்டர், நிலம் எடுப்பதில் சிக்கி ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. ஆதம்பாக்கத்தில் வீடுகள் நெருங்கிய பிறகு பாதைக்கு இடம் தேடினால் அப்படித்தான் ஆகும். ரயில் இன்றைக்கே ஓட வேண்டும் என்பதில்லை. அதற்கான நிலத்தை முதல் மனை விற்பதற்கு முன்னால் ஒதுக்கி, வேலி போட்டுவிட வேண்டும்.

பூங்கா, பள்ளிக்கூடம், மைதானத்துக்கும் இதே பேச்சுத்தான். 1968 உலக வர்த்தகக் கண்காட்சியை ஒட்டி வளர்ந்த அண்ணா நகரைப் பாருங்கள். அகலமான சாலைகளும் கோபுரப் பூங்காவும் முதலிலேயே அமைந்ததால், தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறி, மெட்ரோவும் வந்த பிறகும் அந்த ஊரில் மூச்சுவிட இடம் இருக்கிறது.

யாருக்காக இந்த நகரம் என்பதிலும் ஒரு வரிசை உண்டு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றிலும் நாம் செய்தது என்ன? நகரத்தின் நடுவில் ஆற்றோரம் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி விட்டோம். வீட்டு வேலை, கட்டட வேலை, மீன் விற்பனை எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. பேருந்துக்கே கூலியில் ஒரு பங்கு போனது, பெண்கள் பலர் வேலையை விட்டார்கள், பிள்ளைகள் படிப்பு பாதியில் நின்றது. புது நகரத்தைக் கட்டப்போகிறவர்களும், கூட்டிப் பெருக்கப்போகிறவர்களும், பாதுகாப்புக்கு நிற்கப்போகிறவர்களும் அந்த நகரத்துக்குள்ளேயே வசிக்க வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், குறைந்த வாடகை வீடுகளாக, முதல் கட்டத்திலேயே. நிலத்தின் விலை ஏறிய பிறகு அவர்களுக்கு ஊருக்கு வெளியேதான் இடம் கிடைக்கும்.

நிலம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. நிலத்தை ஒன்றுதிரட்டி, சாலையும் குழாயும் போட்டு, ஒரு பகுதியை உரிமையாளருக்கே திருப்பிக் கொடுக்கும் முறைக்கு நம் மாநிலத்திலும் சட்டத்தில் இடம் உண்டு. கட்டாயமாகக் கையகப்படுத்துவதைவிட அது எனக்கு மேலாகத் தெரிகிறது. ஆனால் பட்டா இல்லாத கூலிக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. ஆந்திரத்தின் புதிய தலைநகராகத் திட்டமிட்ட அமராவதியில் நிலமற்ற குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் என்று ஏற்பாடு செய்தார்கள். தொகை போதுமா என்பது வேறு விஷயம். அப்படியொரு குடும்பம் இருக்கிறது என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதே அமராவதியில் 2019-ல் ஆட்சி மாறியதும் வேலை நின்று, பாதியில் நின்ற கட்டடங்களின் அடித்தளங்கள் தண்ணீரில் கிடந்ததையும் பார்த்தோம். அதனால் 2,000 ஏக்கரையும் ஒரே நேரத்தில் கிளற வேண்டாம். ஒரு பகுதியை எடுத்து, குழாய், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து எல்லாவற்றையும் முடித்து, மக்கள் வாழத் தொடங்கியதும் அடுத்த பகுதிக்குப் போகலாம். மாநாட்டு மையம், வானுயர் கோபுரம், செயற்கை ஏரிக்கரை நடைபாதை எல்லாம் காத்திருக்கட்டும். அவை இல்லாமல் யாருக்கும் தாகம் எடுக்காது.

கடைசியாக, ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். இரண்டு மாதம் சீக்கிரம் ஓடிவிடும். வரைபடம் வந்த பிறகு ஓடாதீர்கள். இந்த வருட மழையிலேயே உங்கள் ஊரில் தண்ணீர் நின்ற இடங்களைத் தேதியோடும் சர்வே எண்ணோடும் படமெடுத்து, கிராம சபையில் தீர்மானமாக எழுதி வாங்கி வையுங்கள். வரைபடத்தைத் தமிழில், சர்வே எண் தெரியும் அளவில், ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லி இப்போதே மனு கொடுங்கள். மனு எழுதத் துணை வேண்டுமென்றால், நகரமைப்பு படிக்கும் மாணவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் பேசிவிட்டுப் போங்கள்.