பாட்டில் கழுத்து பாடிய ப்ளூஸ்: ஸ்லைடு கிட்டார் ஒலி பிறக்கும் விதம்

[திரை இருட்டு. ஒரே ஒரு தந்தி. சுரம் கீழிருந்து வழுக்கி மேலேறி, நடுங்கி, அடங்குகிறது.]

இப்போது கேட்டது கிட்டார்தான். ஆனால் யாரோ பெருமூச்சு விட்டு முனகியது போல இருந்தது, இல்லையா? சாதாரணமாகக் கிட்டாரில் சுரங்கள் படிக்கட்டு ஏறும். இங்கே படியே இல்லை. சறுக்குமரம்தான். விரலில் மாட்டிய ஒரு கண்ணாடிக் குழல் செய்த வேலை இது. இதற்கு ஸ்லைடு என்று பெயர். உடைந்த பாட்டிலின் கழுத்தில் செய்ததால் 'பாட்டில்நெக்' என்றும் சொல்வார்கள்.

ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையின் மேதைகள் என்றதும் எல்லோரும் சொல்வது ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் பிசாசுக்கு ஆன்மாவை விற்ற கதை. அதே கதை டாமி ஜான்சன் என்ற இன்னொரு மிசிசிப்பிப் பாடகரைப் பற்றியும் உலவுகிறது. நம் கையில் இருப்பது வேறு சொத்து. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் ராபர்ட் ஜான்சன் பதிவு செய்த 29 பாடல்கள். 1938 ஆகஸ்டில், 27 வயதில் அவர் இறந்துவிட்டார். அந்தப் பதிவுகளைக் கூர்ந்து கேட்டால், ஸ்லைடு எங்கே நிற்கிறது, எந்தத் தந்தி அடக்கப்படுகிறது என்பதெல்லாம் காதில் விழும். அந்தக் கை என்ன செய்தது என்று புரிந்துகொள்வதுதான் அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

[காட்சி: சுவரில் இரண்டு ஆணி, நடுவே ஒரு கம்பி, கம்பிக்கு அடியில் ஒரு பாட்டில்.]

தொடக்கம் எளிமையானது. அமெரிக்கத் தெற்கில் கறுப்பினக் குழந்தைகள் மரச் சுவரில் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, பாட்டிலை அதன்மேல் நகர்த்தி வாசித்தார்கள். 1903 வாக்கில், மிசிசிப்பியில் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்திமேல் அழுத்திக் கிட்டார் வாசித்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். ஹவாய்க்காரர்கள் கிட்டாரை மடியில் படுக்கவைத்து இரும்புத் துண்டால் வாசிக்கும் முறையும் அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. நம் கோட்டுவாத்தியம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி என்றே சொல்லலாம். அதில் மெட்டு, அதாவது கிட்டாரில் ஃப்ரெட் என்று சொல்லும் குறுக்குக் கம்பி, கிடையாது. தந்திமேல் கட்டை வழுக்கும்.

இனி கருவிக்கு வருவோம்.

[காட்சி: மேஜைமேல் கண்ணாடிக் குழல், பித்தளைக் குழல், மெல்லிய செம்புக் குழாய்.]

கண்ணாடி வழவழப்பான, மென்மையான ஒலி தரும். பித்தளை கனமானது. அதனால் சுரம் நீண்டு நிற்கும், ஒலியில் ஒரு கரகரப்பும் வரும். தண்ணீர்க் குழாய்க்கு வரும் மெல்லிய செம்பு மிகவும் லேசு. தடித்த தந்திமேல் அது துள்ளும். சுவர் 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும். நீளம் 55 முதல் 60 மி.மீ. இருந்தால் ஆறு தந்தியையும் மூடும். விரலில் மாட்டிக் கையைத் தொங்கவிட்டு உதறிப் பாருங்கள். கழன்று விழுந்தால் தளர்வு. விரல் மூட்டு சிவந்தால் இறுக்கம்.

எந்த விரல்? பெயர்பெற்ற ஸ்லைடு கலைஞர்களில் மட்டி வாட்டர்ஸ் சுண்டுவிரலில் போட்டார். டுவேன் ஆல்மன் மோதிர விரலில், பானி ரெய்ட் நடுவிரலில். புதிதாகத் தொடங்குகிறவருக்கு மோதிர விரல் கட்டுப்பாடு தரும். ஆனால் நாள்பட வாசிக்கப்போகிறவர்களுக்கு நான் சுண்டுவிரலைத்தான் சொல்வேன். மற்ற மூன்று விரலும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) பிடிக்கவும் தந்தியை அடக்கவும் மிச்சம் இருக்கும்.

பாட்டிலை நீங்களே வெட்டப்போகிறீர்களா? கழுத்து நேராக உள்ள பாட்டிலை எடுங்கள். கண்ணாடி வெட்டியால் ஒரே ஒரு சுற்றுக் கோடு போடுங்கள். அதே கோட்டில் இரண்டாவது முறை இழுத்தால் விரிசல் வழிதவறிப் போகும். பிறகு வெந்நீர், குளிர்ந்த நீர் என்று மாறி மாறி ஊற்றினால் கோட்டில் பிரியும். விளிம்பை 120, 240, 400 எண் உப்புத்தாளால், தண்ணீர் விட்டே தேயுங்கள். உலர்ந்த கண்ணாடித் தூசு நுரையீரலுக்கு ஆகாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

[திரையில் ஆறு தந்தி, பக்கத்தில் சுரப் பெயர்கள்.]

அடுத்தது சுருதி. ஸ்லைடு ஒரு நேர்க்கோடு. அதை எங்கே வைத்தாலும் எல்லாத் தந்தியும் ஒரே அளவு உயரும். ஆகவே ஒன்றையும் தொடாமல் மீட்டினாலே ஒரு முழுக் கார்டு ஒலிக்கும்படி கிட்டாரைச் சேர்க்கிறார்கள்.

ஓபன் ஜி: தடித்த தந்தியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. வழக்கமான சுருதியிலிருந்து (தடித்தது ஆறாவது, மெல்லியது முதல் தந்தி) ஆறாவது, ஐந்தாவது, முதல் தந்திகளை ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். நம் பேச்சில் சொன்னால் ப ச ப ச க ப.

ஓபன் டி: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய தந்திகள் ஒரு முழுச் சுரம் இறங்கும். மூன்றாவது மட்டும் அரைச் சுரம். அதாவது ச ப ச க ப ச. ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் ஒலி இதில்தான் இருக்கிறது.

ஆல்மன் பெரும்பாலும் ஓபன் ஈ வைத்தார். அது ஓபன் டி-யைவிட ஒரு முழுச் சுரம் மேலே. அதற்குச் சில தந்திகளை ஏற்ற வேண்டும். ஒரு தந்தியை முழுச் சுரம் ஏற்றினால் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும். பழைய அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டாராக இருந்தால், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேல்பலகையிலிருந்து பெயர ஆரம்பிக்கும். ஓபன் டி வைத்து இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்தும் கவ்வி) மாட்டுங்கள். அதே சுருதி, ஆபத்து இல்லை.

இறக்கிய தந்தி தொளதொளக்கும். 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் செட் போட்டிருந்தால் 0.013-க்கு மாறுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த தந்தியின் உயரம் 3 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கட்டும். இதைவிடத் தாழ்ந்தால் ஸ்லைடு ஃப்ரெட்டில் இடித்து டக் டக்கென்று சத்தம் வரும்.

[மிக நெருக்கமான காட்சி: ஏழாவது ஃப்ரெட், அதன்மேல் கண்ணாடி.]

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். விரலால் வாசிக்கும்போது ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம். ஸ்லைடில் அப்படிச் செய்தால் சுரம் குறையும். கண்ணாடி தந்தியைத் தொடும் கோடு, அந்த உலோக ஃப்ரெட்டின் நேர் மேலே நிற்க வேண்டும். அழுத்தக் கூடாது; சும்மா படிந்திருக்க வேண்டும். ஃப்ரெட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் ஆறாவது தந்தி ஒரு சுருதி, முதல் தந்தி இன்னொரு சுருதி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 2 மி.மீ. தள்ளினாலே அரைச் சுரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகிவிடும்.

இனி, பாதிப் பேர் செய்யாமல் விடுவது. ஸ்லைடுக்குப் பின்னால், அதாவது ட்யூனிங் ஆணிகள் இருக்கும் பக்கம், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தந்திமேல் பஞ்சு போலப் படியவிட வேண்டும். ஏன்? ஸ்லைடு தந்தியை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு பக்கமும் அதிரும். ஐந்தாவது ஃப்ரெட்டில் முன்பக்கத் தந்தி பின்பக்கத்தைவிட மூன்று மடங்கு நீளம். ஓபன் ஜி-யில் அங்கே முன்னால் கேட்பது சி கார்டு. பின்னாலிருந்து வருவது ஜி கார்டு, இரண்டு ஸ்தாயி மேலே, விசில் மாதிரி. இரண்டும் மோதும்போது 'என் கிட்டார் ஏன் தகரம் மாதிரி கத்துகிறது' என்று தோன்றும். கிட்டாரின் மேல் பழி போடாதீர்கள். இரண்டு விரலைப் படியவிட்டால் தீர்ந்தது.

வலது கைக்கும் இதே பொறுப்பு உண்டு. கட்டைவிரல் ஆறு, ஐந்து, நான்காம் தந்திகளுக்கு. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்று, இரண்டு, ஒன்றுக்கு. ஒரு தந்தியை மீட்டும்போது மற்ற விரல்கள் தத்தம் தந்தியைத் தொட்டு அடக்கியிருக்கும். ஆல்மன் ஸ்லைடு வாசிக்கும்போது பிக் என்ற மீட்டுத் தகட்டைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலால் மீட்டினார். பெரிய ஆம்ப்ளிஃபையர் சத்தத்திலும் அவர் சுரங்கள் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்பதற்கு இந்த அடக்கம் ஒரு முக்கியக் காரணம். அவர் விரலில் இருந்தது கோரிசிடின் என்ற சளி மாத்திரை வந்த சின்னக் கண்ணாடிக் குப்பி. 1971 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். வயது 24. நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

[காட்சி: மூன்றாவது, நான்காவது ஃப்ரெட்டுக்கு இடையே கண்ணாடி மெதுவாக நகர்கிறது.]

ப்ளூஸின் உயிர் இருப்பது இந்த இடுக்கில். ஓபன் ஜி-யில் மூன்றாவது தந்தி ச. அதன் மூன்றாவது ஃப்ரெட் சாதாரண காந்தாரம், நான்காவது ஃப்ரெட் அந்தர காந்தாரம். ப்ளூஸ் பாடகரின் காந்தாரம் இரண்டிலும் நிற்காது. நடுவில் எங்கோ ஊசலாடும். பியானோவில் அந்தச் சுரமே கிடையாது. வழக்கமான நீளமுள்ள கிட்டாரில் இந்த இடைவெளி ஏறக்குறைய 3 செ.மீ. மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து 1 செ.மீ. மேலேற்றி நிறுத்திப் பாருங்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அதிர்வு, அதாவது நம் கம்பிதம், மணிக்கட்டிலிருந்து வரட்டும். சுரத்தில் வந்து நின்ற பிறகு ஆட்டுங்கள். நிற்பதற்கு முன்பே ஆட்டினால் சுருதி பிசகியதை மறைக்கும் ஆட்டமாகிவிடும், கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். கழுத்தின் பின்னால் கட்டைவிரலை லேசாக ஊன்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கை திரும்பி வரும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும்.

பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸுக்கு ஓபன் ஜி-யில் வேண்டியது மூன்று இடம். திறந்த தந்தி நான்கு பார். ஐந்தாவது ஃப்ரெட் இரண்டு பார், மறுபடி திறந்தது இரண்டு. பிறகு ஏழாவது ஒன்று, ஐந்தாவது ஒன்று, திறந்தது இரண்டு. பன்னிரண்டாவது ஃப்ரெட் முதல் கார்டின் மேல் ஸ்தாயி. உச்சத்துக்கு அங்கே போகலாம்.

[ஒலி: வேகமான மும்மூன்று மீட்டல், மேல் தந்திகளில்.]

இது எல்மோர் ஜேம்ஸ் உலகத்துக்குக் கொடுத்த அடி. ஓபன் டி, பன்னிரண்டாவது ஃப்ரெட், மேல் தந்திகள், ஒரு தாள அடிக்கு மூன்று மீட்டல். இந்த மும்மூன்று மீட்டலை ராபர்ட் ஜான்சன் 1936-இல் 'டஸ்ட் மை ப்ரூம்' பாட்டில் ஸ்லைடு இல்லாமல் விரலால் வாசித்தார். 1951-இல் மிசிசிப்பியின் ஜாக்சனில் ஜேம்ஸ் அதே பாட்டை ஸ்லைடிலும் மின்சாரத்திலும் கொண்டுவந்தார். வாசித்துப் பார்க்கிறவர்கள் தவறுவது தொடக்கத்தில். நேராகப் பன்னிரண்டில் இறங்காதீர்கள். ஒரு ஃப்ரெட் கீழிருந்து வழுக்கி, முதல் மீட்டல் விழும் கணத்தில் வந்து சேருங்கள். தாமதமானால் தாளம் நொண்டும்.

மட்டி வாட்டர்ஸ் கதையும் இதோடு ஒட்டியது. 1941-இல் மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்கள் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அவரைப் பதிவு செய்தபோது கையில் அக்கூஸ்டிக். மூத்த ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸிடமிருந்து கற்றதை அவரே சொல்கிறார். 1943-இல் சிகாகோ. மதுக்கூடச் சத்தத்தில் மரக் கிட்டார் கேட்கவில்லை, மின்கிட்டாருக்கு மாறினார். அதற்கு முந்தைய தலைமுறை அதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. சன் ஹவுஸ் கையில் பிற்காலத்தில் பார்த்த உலோக உடல் கிட்டாருக்குள், ஒலிபெருக்கிபோல ஒரு அலுமினியக் கூம்பு உண்டு.

கடைசியாக ஒரு பயிற்சி. பார்வையற்ற பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் டல்லஸில் பதிவு செய்த ஒரு துண்டு, 1977-இல் வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் ஏறிப் போனது. அதில் சொற்களே இல்லை; முனகலும் ஸ்லைடும் மட்டும். அவருடைய மற்றப் பாடல்களில் வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுவிடுவார். கிட்டார் அதைச் சொல்லி முடிக்கும். முதல் தந்தி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு தாலாட்டு வரியைப் பாடுங்கள். கடைசிச் சொல் வரும்போது வாயை மூடிக்கொண்டு, அதை ஸ்லைடில் சொல்லுங்கள். அந்தச் சொல்லின் இழுப்பும் இறக்கமும் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிகிற வரை, அந்த ஒரே வரி.

[ஒற்றைத் தந்தியின் ஒலி. திரை இருள்கிறது.]