ஈரமில்லாத கயிறு

எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் பக்கத்து நாற்காலிக்காரரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் நான்கு கப்பலை ஓட்டி, இரண்டைத் தரைதட்டவும் வைத்துவிட்டோம். பழைய கப்பல்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் அப்படித்தான். எங்கள் கதைகளில் ஒவ்வொரு வருடமும் அலை ஒரு அடி உயரும். அதனால் இன்று நான் அலையைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு கயிற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

இன்று ஏப்ரல் 5. 1919ல் இதே நாளில் சிந்தியா என்ற இந்தியக் கம்பெனியின் 'லாயல்ட்டி' கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அதைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு 13 வருடம் முன்பே, 1906ல், வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிவிட்டார் என்பதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் என்னைத் தூத்துக்குடியில் சேர்க்கமாட்டார்கள். சொல்லிவிட்டேன்.

என் தாத்தா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவர். கொழும்புக்குப் பாய் விரித்துப் போனவர். கச்சான் என்னும் மேல்காற்று எப்போது திரும்பும், கொண்டல் என்னும் கீழ்காற்று எப்போது பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மூக்கிலேயே தெரியும். பேரன் மட்டும் பெரிய கப்பலில் அதிகாரியாகப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் அதற்கு வழி 'டஃப்ரின்'. 1904ல் இங்கிலாந்தின் பாரோவில் கட்டிய கப்பல் அது. பட்டாளத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததை 1927ல் பம்பாயில் மசகான் பக்கம் நங்கூரமிட்டு, இந்தியப் பையன்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கினார்கள். 1972ல் அதன் இடத்துக்கு 'ராஜேந்திரா' வந்தது, 1993ல் 'சாணக்யா' வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கேடட் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கொள்ளுப்பாட்டி கதை.

டஃப்ரினின் கடைசிக் காலத்துப் பையன் நான். விடியற்காலையில் வெறுங்காலோடு தளம் கழுவியதும், பித்தளையை முகம் தெரியும்வரை தேய்த்ததும் இங்கே பாதிப் பேருக்குப் பழகிய கதை. அதைத் தாண்டிப் போகிறேன்.

அங்கிருந்து கப்பலுக்கு அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகும் பையன்களாக, போனோம். பழைய பிரிட்டிஷ் அப்ரண்டிஸ் ஒப்பந்தப் பத்திரம் ஒன்றைப் பின்னாளில் படித்தேன். பையன் சாராயக்கடைப் பக்கம் போகக்கூடாது என்று இருந்தது. கூடவே ஒரு விலக்கு: முதலாளியின் வேலையாகப் போனால் பரவாயில்லை! சூதாடக்கூடாது என்றும் இருந்தது. பதிலுக்கு முதலாளி மாலுமித் தொழிலைக் கற்றுக்கொடுப்பாராம். எந்த முதலாளி கப்பலுக்கு வந்து கற்றுக்கொடுத்தார்? அந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன்.

என் முதல் கப்பல் லிபர்டி ரகம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் இட்லி அவிப்பதுபோல அவித்து எடுத்த கப்பல்கள் அவை. 1941லிருந்து 1945க்குள் 2,710 கட்டினார்கள். அதில் ஒன்றை நான்கே முக்கால் நாளுக்குள் முடித்துத் தண்ணீரில் இறக்கினார்கள். 441 அடி நீளம், ஐந்து சரக்கறை, காற்று நல்லபடியாக இருந்தால் வேகம் 11 நாட், அதாவது மணிக்கு 11 கடல் மைல். ஓரிரு பயணம் தாங்கினால் போதும் என்ற கணக்கில் கட்டியது, நான் ஏறும்போது 25 வயதைத் தாண்டியிருந்தது. துருவைச் சுரண்டும்போது சுத்தியலை ஓங்கி அடிக்கப் பயமாக இருக்கும். பெயின்ட்தான் கப்பலைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிப்போம்.

அந்தக் கப்பலின் சாரங் ரத்னகிரிக்காரர். டெக் ஆட்களுக்கெல்லாம் தலைவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய நல்லியில், அதாவது கப்பல் வேலைப் புத்தகத்தில், கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரல் ரேகைதான் இருக்கும். எனக்கோ இந்தி தெரியாது. 1965 போராட்டத்தில் அண்ணன்மார்கள் ஸ்டேஷனில் இந்திப் பலகையை அழிக்கப் போனபோது பின்னால் தார்ச்சட்டி தூக்கிக்கொண்டு போனவன் நான். ஐந்து வருடம் கழித்து அதே கையில் அதே தார், கப்பல் கயிற்றுக்கு. எதிரில் இந்தியில் திட்டும் சாரங். அதுவும் சுத்த இந்தி கிடையாது, கப்பல் பாஷை. தூக்கு என்றால் 'ஹபேஸ்'. இறக்கு என்றால் 'ஆரியா', அது போர்த்துக்கீசியச் சொல். அதிகாரி என்றால் 'மாலிம் சாப்'. நம்முடைய மாலுமியும் இந்த மாலிமும் ஒரே வேர்தான். அரபியில் முஅல்லிம் என்றால் கற்றுக்கொடுப்பவர்.

சரி, கயிற்றுக்கு வருகிறேன்.

சரக்கறையின் அடியில் ஓரமாகத் தண்ணீர் வடிந்து சேரும் பள்ளத்துக்குப் பில்ஜ் என்று பெயர். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தினமும் காலையும் மாலையும் அளக்கவேண்டும். கயிற்றில் கட்டிய பித்தளைக் கோலில் சாக்பீஸ் தடவி, மேல்தளத்திலிருந்து ஒரு குழாய் வழியாக இறக்குவோம். எதுவரை சாக்பீஸ் நனைந்திருக்கிறதோ அதுதான் அளவு. அதைப் பலகையில் எழுதுவது அப்ரண்டிஸின் வேலை.

ஜூலை மாதம், பம்பாயிலிருந்து மொம்பாசாவுக்கு சிமென்ட் மூட்டை ஏற்றிப் போகிறோம். அரபிக்கடலில் ஜூலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அன்று மாலை தளத்தின் மேல் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு வாய்க்கு வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் எல்லாச் சரக்கறையிலும் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம். அதையே லேசாக மாற்றி எழுதிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். இங்கே சிரிக்கிறவர்கள் எல்லோரும் ஒருநாளாவது அதைச் செய்திருப்பீர்கள்.

நடுராத்திரி தாண்டி யாரோ காலைப் பிடித்து ஆட்டினார்கள். சாரங். ஒன்றும் பேசவில்லை, வா என்று கை காட்டினார். பாய்மரத்தடியில் இருக்கும் சாமான் அறையான மாஸ்ட் ஹவுஸுக்குள் கூட்டிப்போய் டார்ச் அடித்தார். ஆணியில் கோல் தொங்கியது. கயிற்றை என் கையில் வைத்து மூடினார். உலர்ந்திருந்தது. வெளியே அப்படிக் கடல் அடிக்கிறபோது, அளந்துவிட்டு வந்திருந்தால் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பலகையில் நான் எழுதிய எண்களை அவரால் படிக்க முடியாது. கயிற்றைப் படித்திருக்கிறார்.

இருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய் அளந்தோம். இரண்டாம் சரக்கறையில் 14 அங்குலம். காற்றுப்போக்கியின் வாயில் கட்டியிருந்த கான்வாஸ் கிழிந்து, ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இருப்பது சிமென்ட். கப்பலை ஓட்டும் மேடையான பிரிட்ஜுக்குச் சொல்லி இன்ஜின் அறையில் பம்ப் ஓடவைத்தோம். அவர் கான்வாஸை மாற்றிக் கட்ட, நான் டார்ச் பிடித்தேன். என் கை நடுங்கியது. குளிரினால் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு சீஃப் ஆஃபீசர் தன் முறைக் காவலுக்கு, வாட்ச் ஏற, வந்தார். உண்மையைச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். சாரங் முந்திக்கொண்டார்: "ராத்திரி கான்வாஸ் கிழிந்துவிட்டது, படா மாலிம் சாப். பையன்தான் பார்த்தான்." சீஃப் ஆஃபீசர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் முழுக்க சாரங் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் நான் அளந்துவிட்டு வந்ததும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அதற்கடுத்த நாளும் தொட்டுப் பார்த்தார். நான் அந்தக் கப்பலை விட்டு இறங்கும்வரை, எட்டு மாதம், ஒருநாள் விடாமல் தொட்டுப் பார்த்தார்.

பின்னால் அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் பரீட்சைக்குப் போனபோது எக்ஸாமினர் என் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினார். செக்ஸ்டன்ட், சுக்கான், சிக்னல் என்று ஒவ்வொரு பக்கத்திலும் அதிகாரிகளின் கையெழுத்து. சாரங்குக்கு அதில் இடமே கிடையாது. அந்தக் கப்பலின் பக்கத்தில் மட்டும் சீஃப் ஆஃபீசர் ஒரு வரி எழுதியிருந்தார்: "கூர்ந்து கவனிக்கும் பையன்."

எக்ஸாமினர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது, மணியடிப்பவர் இரண்டு தடவை அடித்துவிட்டார். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி பழைய சுக்கானி, சுக்கான் பிடித்தவர், நம்ம ஊர்க்காரர். 'ரஜூலா'வில் ஏறினவர். 1926ல் கட்டி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி வாங்கி, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய கப்பல். அவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் மைக்கைக் கண்டால் எழுந்து போய்விடுவார். யாராவது கதவுப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். அண்ணாச்சி, வாங்க.