தாள் ஊருக்குத் திரும்ப வேண்டும்

வணக்கம் நேயர்களே. மகளிரியல் துறையில் என்னதான் படிக்கிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. பாதிப் படிப்பு ஊருக்குள்தான் என்று சொல்வேன்.

அந்தத் துறை பிறந்த கதையும் அதுதான். பெண்களின் நிலையை ஆராய 1971இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. குழுவினர் மாநிலம் மாநிலமாகப் போய்ப் பெண்களிடம் பேசினார்கள். 1974 கடைசியில் அறிக்கை வந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972 பெண்கள், 1971இல் 930 பெண்கள். சுதந்திரம் வந்தும் குறைந்திருக்கிறது, பாருங்கள்! அதே 1974இல் பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் இதற்கென ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு உதவியோடு பல ஊர்களில் மையங்கள் வந்தன. அந்த மையங்களுக்கு மூன்று வேலை: பாடம், ஆய்வு, அப்புறம் விரிவாக்கப் பணி, அதாவது படித்ததை ஊருக்குள் கொண்டுபோவது. இந்த மூன்றாவதுதான் மார்ச் 8 விழாவோடு பல இடங்களில் முடிந்துபோகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

மாணவிகளிடம் நான் முதலில் கொடுப்பது ஒரு கட்டம் போட்ட தாள். ஒரு பெண்ணின் ஒரு நாளை மணிவாரியாக எழுத வேண்டும். "அக்கா, என்ன வேலை பாக்குறீங்க?" "வேலைன்னு ஒண்ணும் இல்ல பாப்பா, வீட்லதான் இருக்கேன்." சரி, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? நாலரைக்கு. வாசல் தெளித்தது, குழாயடியில் குடம் வைத்து இடம் பிடித்தது, உலை வைத்தது, மாமியாருக்கு மாத்திரை, ஆட்டுக்குத் தழை. சோறு கொதிக்கும்போதே மகளுக்குத் தலை பின்னியிருக்கிறார். ஒரு கட்டத்தில் இரண்டு வேலையை எப்படி எழுதுவது என்று மாணவி திகைக்கிறாள். இரண்டையும் எழுதம்மா!

2019இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதையே காட்டியது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் சுமார் கால்வாசிப் பேர்தான் அந்த வேலையில் கைவைத்தார்கள்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். அந்தத் தாளை ஆய்வேடாக்கிப் பட்டம் வாங்கிவிட்டுப் போகக் கூடாது. தாள் அதே தெருவுக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் சாவடியில் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டுவோம். "ஐயோ, இது என் நாள் மாதிரியே இருக்கே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். தண்ணீருக்கு நிற்கும் நேரத்தை எல்லாரும் சேர்ந்து கூட்டிப் பார்ப்பார்கள். ஆண்களும் ஓரமாக நின்று கேட்பார்கள். கிராமசபைக்கு மனு அங்கேயே எழுதப்படும். தண்ணீர் விடும் நேரத்தை மாற்றக் கேட்பார்கள். மாணவி எழுதிக் கொடுப்பாள், பேசுவது அந்த ஊர்ப் பெண்கள். திரும்பவும் சொல்கிறேன், தாள் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஆவணக் காப்பகம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒரு வரியில் சொல்கிறேன், தாளின் ஒரு படி துறை நூலகத்திலும் இன்னொரு படி ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். உங்கள் தெருவுக்கு மாணவிகள் வந்தால், முடிவை என்றைக்கு வந்து சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். வணக்கம்.