கோயிலைத் தூக்கி வைத்தார்கள்; ஊரை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் நைல் கரையில் வாழ்ந்த நூபியரின் பண்பாட்டையும் நினைவையும் காக்க வல்லது அரசின் அருங்காட்சியகமா, ஊரார் தாமே நடத்தும் மரபு மையமா என்ற கேள்விக்கு, ஊரார் மையமே என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணி நண்பர், நைல் ஆற்றின் அஸ்வான் உயர் அணை நீரில் மூழ்கவிருந்த பழங்கால எகிப்தியக் கோயிலான அபு சிம்பலை எடுத்துக்காட்டினார். 1964 முதல் 1968 வரை அந்தக் கோயிலைக் கல் கல்லாக அறுத்து, எண்ணிட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்திய பணியை நானும் வியக்கிறேன். ஆனால் அதே அஸ்வான் உயர் அணைக்காக எகிப்தில் மட்டும் சுமார் 50,000 நூபியர் 1963, 1964 ஆண்டுகளில் கொம் ஓம்போ பக்கம் குடியேற்றப்பட்டனர். சூடானின் வாடி ஹல்ஃபா மக்களோ நைலையே விட்டு, தொலைவிலுள்ள கஷ்ம் எல் கிர்பாவுக்கு அனுப்பப்பட்டனர். நைலை நோக்கிய வாசலும், நீண்ட மண் திண்ணையும், சுவரில் பதித்த பீங்கான் தட்டுகளுமாக இருந்த வீடுகள் நீருக்குள் போயின. புதுக் குடியிருப்பில் குடும்பத்தின் தலை எண்ணிக்கையைப் பார்த்து வீடு ஒதுக்கியதால், சுவரோடு சுவராக வாழ்ந்த உறவினர் வெவ்வேறு தெருக்களில் சிதறினர்.

அஸ்வானில் 1997இல் திறக்கப்பட்ட நூபிய அருங்காட்சியகம் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. அதன் அழகில் எனக்குக் குறை இல்லை. அங்கே நூபிய வாழ்க்கை உருவப்பொம்மைகளாக நிற்கிறது. பொம்மை நூபியரின் நொபீன் மொழி பேசுமா?

நிதியும் நிபுணரும் ஊராரிடம் ஏது என்றார் நண்பர். தொல்பொருளுக்கு அவை வேண்டும். அதை அரசு அருங்காட்சியகத்திடமே விட்டுவிடுவோம். குழந்தை பிறந்த ஏழாம் நாள் தாயும் சேயும் ஆற்றுக்குச் சென்று, நீருக்குள் வாழும் ஆற்று மாந்தருக்கு உணவு படைக்கும் வழக்கம் இருந்ததே, ஆறு தொலைவாகிப் போன பிறகு அதை எந்த நீரில் செய்தீர்கள் என்று ஒரு மூதாட்டியிடம் அவர் மொழியிலேயே கேட்க அந்த ஊர்ப் பெண்ணுக்குத்தான் தெரியும். குடியேற்றத்தின்போது 20 வயதாக இருந்தவர் இன்று 80ஐத் தாண்டிவிட்டார் என்பதையும் நடுவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

டெண்டூர் கோயில் நியூயார்க்கில் இருக்கிறது, தெபோத் கோயில் மாட்ரிட்டில் இருக்கிறது. நூபியக் கோயில்களை அணை நீரிலிருந்து காக்க உதவிய நாடுகளுக்கு எகிப்து தந்த நன்றிப் பரிசுகள் அவை. மக்கள் கையில் எஞ்சியது ஊர்ப்பெயர். மூழ்கிய ஊர்களின் பெயர்களையே புதுக் குடியிருப்புகளுக்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னே ஓர் அறை, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, பழைய நூபிய எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு கரும்பலகை, திறவுகோல் ஊராரிடம்: எங்கள் அணி கேட்பது இவ்வளவே.