ஓரம் குறைந்த நாணயம் அசலா, போலியா? எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்!

வணக்கம் நண்பர்களே! திரையில் இரண்டு நாணயங்கள் தெரிகின்றன. இரண்டிலும் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு காணோம். ஒன்று நாணயச்சாலையிலிருந்தே இப்படி வெளிவந்தது. இன்னொன்றை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். எது அசல்? வீடியோவை நிறுத்திவிட்டு கமெண்ட்டில் உங்கள் ஊகத்தைப் போடுங்கள். குறைந்த இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். விடை அதற்கு நேர் எதிரே இருக்கிறது.

முதலில் நாணயம் பிறக்கும் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உலோகத்தை நீண்ட பட்டையாக உருட்டுவார்கள். அதிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். வில்லையின் ஓரத்தை நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். அப்புறம் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். பலமாக ஓர் அடி, நாணயம் தயார்.

சரி, அந்தப் பிறைக்கு வருவோம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பட்டை முன்னே நகர வேண்டும். போதிய அளவு நகரவில்லை என்றால், ஏற்கெனவே விழுந்த ஓட்டையின் மேலேயே வெட்டும் கருவி மறுபடி இறங்கும். அப்படி வரும் வில்லையில் பழைய ஓட்டையின் வளைவு பிறையாக விழுந்துவிடும். சேகரிப்பவர்கள் இதைக் ‘கிளிப்’ என்கிறார்கள். பட்டையின் முனையில் வெட்டு விழுந்தால் பிறைக்குப் பதிலாக நேர்கோடு வரும்.

இந்த வில்லை அடுத்து விளிம்பு எழுப்பும் இயந்திரத்துக்குப் போகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமும் நெருக்கியபடியே உருட்டும். ஒரு பக்கம் அழுத்தம் ஏற வேண்டுமானால் எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுக்க உலோகம் வேண்டும். பிறை விழுந்த இடத்தில் முட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை. அதனால் அதற்கு நேர் எதிரே விளிம்பு சரியாக எழுவதில்லை. மங்கியிருக்கும், சில நாணயங்களில் விளிம்பே இல்லாதது போலத் தட்டையாக இருக்கும். இதற்குப் பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர்.

அரம் பிடிக்கிறவர் ஒரு பக்கத்தை மட்டும்தானே ராவுவார்? எதிர் விளிம்பு முழுசாக, கூர்மையாக நின்று அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு தடயமும் உண்டு. அசல் கிளிப்பில் அச்சு விழுந்தபோதே அந்த ஓரம் காலியாக இருந்தது. அடியின் வேகத்தில் உலோகம் அந்தக் காலியிடத்தை நோக்கி வழியும். பக்கத்து எழுத்துகள் இழுபட்டு, மெலிந்து முடியும். ராவிய நாணயத்தில் எழுத்து பாதியில் சட்டென்று அறுபட்டு நிற்கும். கிளிப் மிகச் சிறியதாக இருந்தால் இந்த அடையாளங்கள் அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இப்போது திரையில் இருப்பதை மறுபடி பாருங்கள். இடது பக்க நாணயம்தான் அசல்!

அடுத்தது உலோகக் குறை. கலவை சரியாகக் கலக்காமல் போனாலோ, உருட்டும்போது அழுக்கோ வாயுவோ உள்ளே சிக்கிக்கொண்டாலோ அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பிற்பாடு பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வது போல மேல்தோல் உரிந்து வரும். இதுதான் லாமினேஷன். இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல் போருக்குத் தேவைப்பட்டதால், அமெரிக்கா 1942 முதல் 1945 வரை 5 சென்ட் நாணயத்தை 56% செம்பு, 35% வெள்ளி, 9% மாங்கனீஸ் கலந்து அடித்தது. இந்தக் கலவையில் உரிதல் அடிக்கடி தென்படும். பலர் இதைச் சேதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு போர்க்கால நெருக்கடி உலோகத்திலேயே பதிந்திருக்கிறது, அதை எப்படி ஒதுக்குவது?

அச்சுப் பிழைகளுக்குத் தனி வீடியோவே போட வேண்டும். 1955 அமெரிக்க 1 சென்ட்டில் எழுத்தும் ஆண்டும் இரட்டையாகத் தெரியும். அச்சைச் செய்யும்போதே உருவம் சற்று விலகி இரண்டு முறை பதிந்துவிட்டது. 1937-இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் ஓர் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததில், எருமை உருவம் போட்ட 5 சென்ட் நாணயத்தில் அந்த எருமைக்கு ஒரு கால் போய்விட்டது. அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதே உருவம் இடவலம் மாறிக் குழிவாக விழும், அது ப்ராக்கேஜ்.

எந்த நாணயமாக இருந்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நாணயச்சாலையின் எந்தக் கட்டத்தில் இது நடந்திருக்க முடியும்? பதில் இல்லை என்றால் அது வெளியே வந்தபின் பட்ட அடி. சுத்தியல் தடம், அமிலத்தில் கரைந்து மெலிந்தது, இரண்டு நாணயத்தை அறுத்து ஒட்டிய இருதலை நாணயம் எல்லாம் இந்த வகைதான். 1943 அமெரிக்க 1 சென்ட்டை மறக்காதீர்கள். அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாக வெண்கலத்தில் விழுந்தவை மிகச் சில. எஃகு நாணயத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்து விற்கிறவர்கள் உண்டு. காந்தம் வையுங்கள், ஒட்டினால் பூச்சு வேலை! ஒட்டாவிட்டாலும் உடனே நம்பிவிடாமல் எடை பாருங்கள்.

பழைய நாணயத்தைத் தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள். அசல் மேற்பரப்பு போனால் திரும்ப வராது. உங்களிடம் ஓரம் குறைந்த நாணயம் இருந்தால் இரண்டு முகத்தையும், எதிர் விளிம்பை நெருக்கத்திலும் படம் எடுத்து அனுப்புங்கள். எடையையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்துவிடலாம்.