மெனி எங்கே, மச் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல், அவற்றோடு வரும் அளவுச் சொற்கள் பற்றி இன்று பேசலாம்.

பள்ளியில் இந்தப் பாடம் தண்ணீர், பால், மணல், சர்க்கரை என்ற பட்டியலோடு தொடங்கும். இவற்றில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. ‘எத்தனை மாம்பழம்’, ‘எவ்வளவு தண்ணீர்’ என்று தமிழிலேயே பிரித்துத்தான் கேட்கிறோம். எத்தனை என்றால் ஹவ் மெனி, எவ்வளவு என்றால் ஹவ் மச். பாதித் தூரம் இதை வைத்தே போய்விடலாம்.

சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், எவிடன்ஸ். ஆங்கிலத்தில் இவை எண்ண முடியாத சொற்கள். தமிழில் ‘மூன்று தகவல்’, ‘இரண்டு அறிவுரை’ என்று தாராளமாக எண்ணுகிறோம். அந்தப் பழக்கத்தில் எஸ் சேர்த்து இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ் என்று எழுதிவிடுகிறோம். கடைப் பலகையில் ஃபர்னிச்சர்ஸ், அலுவலகச் சுற்றறிக்கையில் ஆல் ஸ்டாஃப்ஸ். இவை எல்லாமே தவறு. ஸ்டாஃப் என்பதே மொத்த ஊழியரையும் குறிக்கும். ஒருவரைச் சொல்ல ஸ்டாஃப் மெம்பர் என்று எழுத வேண்டும்.

பொருளை எண்ண முடியுமா என்று யோசித்தால் இங்கே விடை கிடைக்காது. பணத்தை நாள் முழுக்க எண்ணுகிறோம். ஆனாலும் மனி எண்ண முடியாத சொல். ‘எவ்வளவு பணம், எத்தனை ரூபாய்’ என்று தமிழும் அதையே செய்கிறது. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம். இரண்டையும் ஒரே குவியலாகக் குறிக்கும் ஃபர்னிச்சர் என்ற சொல்லை ஆங்கிலம் எண்ணுவதில்லை.

எண்ணியே ஆகவேண்டும் என்றால்? எ பீஸ் ஆஃப் அட்வைஸ், டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர் என்று பாடநூல்கள் சொல்லும். சரிதான். ஆனால் பேசும்போது அதைவிடச் சுலபம், எண்ணக்கூடிய வேறு சொல்லுக்கு மாறிவிடுவது. லக்கேஜுக்குப் பதில் த்ரீ பேக்ஸ். இன்ஃபர்மேஷனுக்குப் பதில் டீடெயில்ஸ். ஒர்க் என்பதற்குப் பதில் டூ ஜாப்ஸ் அல்லது டூ டாஸ்க்ஸ். கூடவே வினையையும் பாருங்கள்: தி இன்ஃபர்மேஷன் ஆர் என்று வராது, இஸ் என்றே வரும். நியூஸ் எஸ்ஸில் முடிந்தாலும் தி நியூஸ் இஸ் குட் தான்.

அடுத்து, பொருளையே புரட்டிப்போடும் ஓர் இடம். எண்ணக்கூடியதற்கு ஃபியூ, எண்ண முடியாததற்கு லிட்டில். இவற்றின் முன்னால் எ வருகிறதா, இல்லையா என்பது மிக முக்கியம். வேலைக்கான கடிதத்தில் ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் என்று எழுதினால், ‘எனக்கு அனுபவம் இல்லை என்றே சொல்லலாம்’ என்று பொருளாகிவிடும். எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் என்றால் ‘ஓரளவு இருக்கிறது’. ஃபியூ பீப்பிள் கேம் என்றால் சிலர்தான் வந்தார்கள். எ ஃபியூ பீப்பிள் கேம் என்றால் சிலர் வந்தார்கள். தமிழில் ‘தான்’ சேர்த்தால் வருகிற குறைவு, ஆங்கிலத்தில் எ-யை நீக்கினால் வருகிறது.

மச் என்பதை ‘இல்லை’ என்று சொல்லும் வாக்கியத்திலும் கேள்வியிலும் தயங்காமல் பயன்படுத்தலாம். ‘நிறைய தண்ணீர் இருக்கிறது’ என்று சொல்ல, தேர் இஸ் மச் வாட்டர் என்பது இலக்கணப் பிழை இல்லை என்றாலும் பேச்சில் ஒட்டாது. எ லாட் ஆஃப் வாட்டர் என்பதே இயல்பு. டூ மச், ஸோ மச் எங்கும் வரலாம். எ லாட் ஆஃப் இரு வகைக்கும் பொருந்தும் என்பதால், சந்தேகம் வந்தால் அதையே நாடுங்கள்.

‘குறைவான’ என்ற பொருளில் வரும் ஃபியூவர், லெஸ் விஷயத்தில் ஆங்கிலேயரே ஒத்துப்போவதில்லை. எண்ணக்கூடியதற்கு ஃபியூவர் மேல் என்ற கருத்தை ராபர்ட் பேக்கர் என்பவர் 1770இல் எழுதிவைத்தார். பின்னர் அதுவே விதியாகக் கெட்டிப்பட்டது. இங்கிலாந்தின் டெஸ்கோ கடைகளில் இருந்த ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற பலகையில் லெஸ் சரியா, ஃபியூவர் சரியா என்ற சர்ச்சை எழ, 2008இல் அதை ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்ற முடிவெடுத்தார்கள். தேர்வில் ஃபியூவர் ஸ்டூடன்ட்ஸ், லெஸ் வாட்டர் என்று எழுதுங்கள். தூரம், நேரம், தொகைக்கு மட்டும் லெஸ் தான்: லெஸ் தன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ், லெஸ் தன் ஃபைவ் ஹண்ட்ரட் ரூபீஸ்.

சில சொற்கள் இரு பக்கமும் நிற்கும். ஷி ஹாஸ் லாங் ஹேர் என்றால் கூந்தல். தேர் இஸ் எ ஹேர் இன் மை சாம்பார் என்றால் ஒற்றை முடி. ஐ லைக் சிக்கன் என்றால் கறி. ஐ பாட் எ சிக்கன் என்றால் முழுக் கோழி. காபி எண்ண முடியாதது என்று படித்திருப்பீர்கள், ஆனால் ஓட்டலில் டூ காஃபீஸ் ப்ளீஸ் என்று கேட்பது சரியே. அங்கே எண்ணுவது கோப்பையை.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர்களும் இதே இடத்தில் இடறுவதைக் கண்டவர். ஜப்பானிய மொழியில் பன்மை விகுதி கட்டாயமில்லை. தமிழில் அஃறிணைக்குக் ‘கள்’ கட்டாயமில்லாததுபோல. அவரும் உடன் பணியாற்றியவர்களும் தொகுத்து, 1942இல் தோக்கியோவில் வெளிவந்த அகராதியில் பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா இல்லையா என்று குறித்தார்கள். 1948இல் ஆக்ஸ்ஃபர்டும் அந்த அகராதியை வெளியிட்டது. இன்றைய கற்போர் அகராதிகளிலும் அந்தக் குறிப்பு உண்டு. கேம்பிரிட்ஜ் அகராதியில் அது சி (கவுண்டபிள், எண்ணக்கூடியது), யு (அன்கவுண்டபிள், எண்ண முடியாதது) என்ற எழுத்துகளாக இருக்கும். சொல்லைத் தேடும்போது பொருளோடு நிறுத்தாமல் அந்த எழுத்தையும் பாருங்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால், உங்களுக்கு வேண்டிய பொருளுக்கு எதிரே உள்ள எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யு மட்டும் இருந்தால் முன்னால் எ போடாதீர்கள், பின்னால் எஸ் சேர்க்காதீர்கள். வணக்கம்.