கறுப்பெண்ணெய் பூசலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே செம்பனைத் தோட்டத்தில் வசிக்கும் ஒரு சகோதரி, தம்முடைய நாய்க்கு வாலடியில் முடி கொட்டி, அது ஓயாமல் கடித்துக்கொள்வதால் தோல் சிவந்துவிட்டது என்றும், லோரி இயந்திரத்திலிருந்து வடித்த பழைய கறுப்பெண்ணெயைப் பூசினால் ஆறிவிடும் என்று அப்பா சொல்கிறார் என்றும் எழுதி, பூசலாமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள்களாக இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

தயவுசெய்து பூசாதீர்கள். நான் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவன். எங்கள் மாமாவும் மணி என்ற நாய்க்கு அதைத்தான் பூசினார். பூசியதை நாய் நக்காமல் இருக்காது. மணி நக்கியது, வாந்தி எடுத்தது, நான்காம் நாள் இறந்துபோனது. மாமா அந்த நாயைப் பிள்ளைபோல வளர்த்தவர். அன்றைக்குத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

நான் எப்போதும் சொல்வது இதுதான்: எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன், அரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வாலடி என்றால் எனக்கு முதலில் தெள்ளுப்பூச்சியின் மேல்தான் சந்தேகம் வரும். அங்குள்ள முடியை நெருக்கமான சீப்பால் வாரி, விழுகிற கரும்பொடியை நனைத்த வெள்ளைத் தாளில் வையுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது மண் அன்று. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம். காதோரத்திலும் முழங்கையிலும் பொருக்குத் தட்டி, வீட்டாருக்கும் அரிப்பு இருந்தால், அது தோலுக்குள் குடைந்து வாழும் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம்; அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். சீழோ துர்நாற்றமோ இருந்தாலும் அப்படியே.

சகோதரி கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நாய் எங்கே படுக்கிறது என்பதே. நாயின் மேல் நாம் காணும் தெள்ளு மொத்தத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நாய் படுக்கும் கோணிச்சாக்கிலும் படிக்கட்டு இடுக்கிலும் கிடக்கிறது. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து வெளிவரும் என்பதாலும், நம் நாட்டு வெக்கையில் அதற்கு ஓய்வுக்காலமே இல்லை என்பதாலும், ஒருமுறை குளிப்பாட்டிவிட்டு நிறுத்தினால் பயன் இராது. சாக்கை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மருத்துவர் எடை பார்த்துத் தரும் தெள்ளு மருந்தைக் குறைந்தது மூன்று மாதங்கள் விடாமல் கொடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்; பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

சகோதரி, தாளில் என்ன நிறம் கசிந்தது என்று எனக்கு எழுதுங்கள். நாய் படுக்கும் இடத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.